வரட்சியைத் தாங்க முருங்கையிலைச் சாறு

யாழ்ப்பாணத்தில் மாரி மழை ஓய்ந்ததும், சுண்ணக்கல்லின் மேல் மெல்லியதாகக் கிடக்கும் செம்மண் விரைவில் காய்வதால், தேசி, மாதுளை, கொய்யாக் கன்றுகள் சோளகக் காற்று வீசும் காலத்தில் பெரிதும் வாடிப்போகின்றன. இதற்கு உதவும் பொருள் நம் வேலியிலேயே நிற்கிறது.

முருங்கைத் தளிரிலுள்ள சியாற்றின் என்னும் வளரூக்கி, இலைகள் முதிர்ந்து உதிர்வதைத் தாமதப்படுத்துகிறது. அதிலுள்ள விற்றமின் சி, வரட்சியால் இலைக் கலங்களுக்கு ஏற்படும் சேதத்தைக் குறைக்க உதவுகிறது.

காலையில் கிள்ளிய தளிரைச் சிறிது நீர் விட்டு அரைத்து, துணியில் இறுகப் பிழிந்து, மீண்டும் ஒருமுறை வடியுங்கள். சக்கை சிறிதேனும் தங்கினால் தெளிகருவியின் வாய் அடைத்துக்கொள்ளும். ஒரு பங்கு சாற்றுக்கு 30 பங்கு நீர் கலந்து, வெயில் தணிந்த பின், இலைகளின் அடிப்புறமும் நனையுமாறு தெளியுங்கள். மீதியை மறுநாளைக்கு வைக்க வேண்டாம், புளித்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தெளித்தால் போதும். கன்று கருகிய பின் தெளிப்பதைவிட, வாட்டம் தொடங்குமுன்னே தெளிப்பதுதான் பயன் தரும்.

சாறு தண்ணீருக்கு ஈடாகாது என்பதால், பாத்தியில் பூவரசங்குழையையும் பழைய பனையோலையையும் தடிப்பாகப் பரப்பி, இறைத்த நீரின் ஈரம் போகாமல் காக்க வேண்டும்.