ஜப்பானியப் பொருட்களில் உள்ள ஆங்கிலம்: சிரித்துவிட்டு ஏமாறாதீர்கள்

ஜப்பானில் கோகுயோ நிறுவனம் 1975 முதல் விற்றுவரும் 'கேம்பஸ்' நோட்டின் அட்டையில் வெகுகாலம் ஒரு வாசகம் இருந்தது: 'கேம்பஸ் நோட்புக்ஸ் கன்டெய்ன் த பெஸ்ட் ரூல்டு ஃபுல்ஸ்கேப் சூட்டபிள் ஃபார் ரைட்டிங்'. எழுத ஏற்ற, கோடு போட்ட சிறந்த ஃபுல்ஸ்கேப் தாள் உள்ளே இருக்கிறதாம். நோட்டு எழுதத்தான் என்பது ஊருக்கே தெரியும். போதாக்குறைக்கு, உள்ளே இருப்பது ஃபுல்ஸ்கேப்பும் இல்லை. நம்மூர் பரீட்சைத் தாளை நினைத்து வாங்கினால் கைக்கு வருவது 252×179 மி.மீ. அளவுள்ள செமி பி5.

இதைப் படம் எடுத்துப் போட்டு, 'மொழிபெயர்ப்பைக் கெடுத்துவிட்டார்கள்' என்று சிரிப்பதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. பெரும்பாலும் இங்கே மொழிபெயர்ப்பே நடக்கவில்லை. வாங்குபவர் ஜப்பானிய மாணவர். அவருக்கு அந்த வரி அட்டையில் உள்ள ஒரு கோலம், அவ்வளவுதான். யாரும் வாசிக்கப்போவதில்லை என்பதால் பிழை திருத்தவும் யாரும் மெனக்கெடுவதில்லை. 'லெட்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஏதாவது ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டு நிறுத்துவதும் இந்த வகைதான். ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல்லோடு 'சுரு' சேர்த்தால் வினையாகிவிடும். அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் தாவிவிடுகிறது. நோட்டு வாங்கும்போது அட்டையில் நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு எழுத்தை. ஏ என்றால் கோட்டு இடைவெளி 7 மி.மீ., பி என்றால் 6 மி.மீ. தமிழில் எழுதுபவருக்கு ஏ வசதி; கொம்பும் சுழியும் மேல்வரியில் முட்டாது.

வணிகப் பெயரில் எழுத்துப்பிழை கண்டுபிடிப்பதும் வீண் வேலை. பைலட் நிறுவனத்தின், தேய்த்து அழிக்கக்கூடிய 'ஃப்ரிக்ஷன்' பேனாவின் ஆங்கிலப் பெயரில் 'சி', 'டி' வர வேண்டிய இடத்தில் 'எக்ஸ்' எழுத்தைத் தெரிந்தேதான் போட்டார்கள். 1980-இல் வந்த 'போகாரி ஸ்வெட்' பானத்தின் பெயரும் தவறி வந்ததல்ல. 'ஸ்வெட்' என்றால் வியர்வை; வியர்வையில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டுவது என்பதே பொருள். ஃப்ரிக்ஷன் பேனாவில் கவனிக்க வேண்டியது வேறு. அதன் மை சுமார் 60 டிகிரியில் நிறமிழக்கும். தேய்த்தால் மட்டுமல்ல, வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலும், லேமினேட் செய்தாலும் எழுத்து காணாமல் போகும். சான்றிதழ், முகவரி போன்றவற்றுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கை ஜப்பானிய மொழியில் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்க ஆங்கிலத்தை மட்டும் பார்த்துக் காசோலை எழுதினால் வம்பு.

கடையில் 'மெக்கானிக்கல் பென்சில்' என்று கேட்டால் விழிப்பார்கள். 'ஷாபென்' என்று கேளுங்கள். ஹயகவா தொகுஜி 1915-இல் உருவாக்கிய பென்சில் 'ஷார்ப் பென்சில்' ஆனது; ஷார்ப் நிறுவனத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். உள்ளே போடும் குச்சி 'ஷாஷின்'. ஸ்டேப்லர் அங்கே 'ஹோச்சிகிசு', ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெயர்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். உணவுப் பொட்டலத்தில் தேதியைத் தலைகீழாகப் படிப்பதுதான் உண்மையிலேயே தொல்லை தரும் தவறு. 26.03.05 என்பது 2026 மார்ச் 5. ஆண்டு, மாதம், நாள் என்பதே அங்கே வரிசை. நம் பழக்கத்தில் படித்தால் 2005-ஆம் ஆண்டுச் சரக்கு என்று தூக்கி எறிவோம். 'ஷோமி கிகென்' என்பது அதுவரை சுவை கெடாது என்ற உத்தரவாதம். பிஸ்கட், ராமென், டப்பா உணவுகளில் வரும். பென்தோ (கட்டுச்சோறு), சான்ட்விச் போன்ற சீக்கிரம் கெடுகிறவற்றில் வரும் 'ஷோஹி கிகென்' தாண்டினால் சாப்பிடவே கூடாது. சில மொழிபெயர்ப்புச் செயலிகள் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும். பொருளை வைத்து நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

பழப்படமும் குளுகுளு ஆங்கிலமும் போட்ட கேன் எல்லாம் ஜூஸ் அல்ல. 'சூஹை' வகைக் கேன்களில் 3 முதல் 9 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். பிள்ளைகளுக்கு வாங்கும்முன் 'ஒசாகே' (மது) என்ற குறியைத் தேடுங்கள். பல கேன்களின் மேல்மூடியில் அதே சொல் பிரெய்லிலும் புடைத்திருக்கும். மூடியில் விரல் வைத்துப் பார்த்தால் புள்ளிகள் தட்டுப்படும்.

வீட்டு ப்ளீச் பாட்டிலில் 'மஸெரு ந, கிகென்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தால் 'கலக்காதே, ஆபத்து' என்று பொருள். அமிலக் கழிப்பறைத் திரவத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முன்பக்கத்தில் மலர், எலுமிச்சை என்று ஆங்கிலம் கொஞ்சினாலும் இந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

செயலியை நம்பும்போதும் ஒரு கண் வேண்டும். 2019-இல் ஒசாகா மெட்ரோவின் இணையதளத்தில் தானியங்கி மொழிபெயர்ப்பு 'சகாய்சுஜி' பாதையை 'சகாய் தசை' ஆக்கிவிட்டது; 'சுஜி' என்ற சொல் தெருவையும் குறிக்கும், தசைநாரையும் குறிக்கும். பொட்டலத்தை மேசையில் தட்டையாக விரித்து, பின்பக்கக் கட்டத்தை மட்டும் படம் பிடியுங்கள். உருண்டை பாட்டிலானால் திருப்பித் திருப்பி இரண்டு மூன்று படம். சட்டப்படி ஜப்பானிய மொழியில் இருந்தே ஆக வேண்டிய விவரம் அந்தக் கட்டத்தில்தான் உள்ளது. மூலப்பொருட்கள் எடை அதிகமானதில் தொடங்கி வரும்; சாய்கோட்டுக்குப் பின் வருபவை நிறமி, பதப்படுத்தி போன்ற கூடுதல் சேர்க்கைகள். முட்டை, பால், கோதுமை, பக்வீட் (சோபா நூடுல்ஸ் செய்யும் தானியம்), நிலக்கடலை, இறால், நண்டு போன்ற ஒவ்வாமைப் பொருட்களைக் குறிப்பிடுவது கட்டாயம். 2023-இல் வால்நட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒவ்வாமை உள்ளவர் ஒரே செயலியை நம்பாமல், இன்னொன்றிலும் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.