ஊர் வரலாற்றைக் கயிற்றில் கட்டுவது எப்படி?

கரும்பலகையில் 1620 என்று எழுதி, "டேனிஷ்காரர்கள் நம் தரங்கம்பாடிக்கு வந்த ஆண்டு" என்றேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அவர்களை உங்கள் தாத்தா பார்த்திருக்கிறாரா?" என்று கேட்டான். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான். ஆண்டுகளின் தூரத்தைக் கண்ணால் காட்ட, அன்று மாலையே கயிறு வாங்கப் போனேன்.

எட்டு மீட்டர் தேங்காய் நார்க் கயிறு, துணிக் கிளிப்புகள், அளவு நாடா, எழுதுவதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள். இவ்வளவு போதும். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். கிளிப்புகள் வழுக்கி ஓடி, மதியத்துக்குள் சுனாமியும் சுதந்திரமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

முதல் படி: ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கயிற்றைச் சுவரோரம் கட்டுங்கள்.

இரண்டாவது படியில்தான் நான் சறுக்கினேன். முதல் தடவை கயிற்றை 1620இல் தொடங்கினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இன்றிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். முதலில் அவரவர் பிறந்த ஆண்டு: பத்து சென்டிமீட்டர். அடுத்து அம்மா, பாட்டி. நாங்கள் 2025இல் செய்தபோது சுனாமி 21இல் வந்தது, சுதந்திரம் 78இல். டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்ற 1845, 180இல். நான்கு மீட்டரைத் தாண்டித்தான் 1620. மாசிலாமணிநாதர் கோயிலின் 1306 வகுப்பறைக்குள் அடங்காமல் வாசலைத் தாண்டி வராந்தாவுக்குப் போய்விட்டது. கேள்வி கேட்ட பையனே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்தார், 1719இல் இறந்தார். இரண்டு கிளிப்புக்கும் நடுவே ஒரு சிறுமி சாண் வைத்துப் பார்த்து, "என் சாண் அளவுகூட இல்லையே!" என்றாள். தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது அந்தச் சாணுக்குள்தான்.

மூன்றாவது படி, நடை. நகர வாயில், புதிய எருசலேம் தேவாலயம், டேன்ஸ்பர்க் கோட்டை. மூன்று இடம் போதும், நான்காவதில் பசி வந்துவிடும்.

நான்காவது, வீட்டுப் பெரியவர்கள். "பெரிய புயல் அடித்த வருஷம்" என்பார்கள். இந்தக் கரையில் அது 1952ஆகவும் இருக்கலாம், 1977ஆகவும் இருக்கலாம். "அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, பாட்டி?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பின்சேர்க்கை: "எங்கள் ஊரில் கோட்டையெல்லாம் இல்லையே" என்று சிலர் எழுதியிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி, பாலம், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் திறப்புவிழாக் கல் இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொரு ஆசிரியையின் சிக்கல் சுவையானது. கோயில் கல்லில் சித்திரபானு ஆண்டு என்று மட்டும் இருந்ததாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும்: 2002, 1942, 1882. மூன்று இடத்திலும் கிளிப் போடச் சொன்னேன். கல் பதித்ததைத் தன் அப்பா பார்த்ததாகப் பூக்காரம்மா சொன்னதும், 2002இல் இருந்த கிளிப்பைப் பிள்ளைகளே கழற்றிவிட்டார்களாம். மற்ற இரண்டும் இன்னும் தொங்குகின்றன.