ஆபீஸ் இயர் எண்ட் பார்ட்டி: முதல் முறை போகிறவர்களுக்கு

டிசம்பர் பிறந்தாலே சென்னை ஐடி ஆபீஸ்களில் எச்.ஆரிடமிருந்து மெயில் வந்துவிடும். ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஹோட்டல் ஹால், இல்லாவிட்டால் ஈசிஆரில் ஒரு ரிசார்ட். இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு என்ன போட்டுக்கொண்டு போவது, யாரிடம் என்ன பேசுவது, எப்போது கிளம்புவது என்று எல்லாமே குழப்பமாக இருக்கும். வரிசையாகச் சொல்கிறேன். அங்கே கூட ஆடிப் பாடுகிறவர்கள்தான் திங்கட்கிழமை பக்கத்து சீட்டில் இருக்கப் போகிறார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: மெயிலைக் கடைசி வரி வரை படியுங்கள்

உடைக்குத் தீம் உண்டா, குடும்பத்தை அழைத்து வரலாமா, திரும்பி வர கேப் உண்டா என்று பாருங்கள். வருகிறீர்களா இல்லையா என்று, கேட்ட தேதிக்குள் பதில் போடுங்கள். தலைக்கு இவ்வளவு என்றுதான் ஹோட்டலில் சாப்பாடு சொல்வார்கள். தீம் எதுவும் இல்லையென்றால், இஸ்திரி போட்ட சட்டை, சுடிதார், புடவை எதுவானாலும் சரி.

படி 2: சீக்ரெட் சான்டா

சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு, கொடுப்பது யார் என்று சொல்லாமல் பரிசு கொடுக்கும் விளையாட்டு இது. எச்.ஆர் 300 ரூபாய் என்று சொன்னால் 300 ரூபாய்க்குள் வாங்குங்கள். ஆயிரத்துக்கு வாங்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்பவருக்குத்தான் சங்கடம். டியோடரன்ட், முகத்துக்குப் போடும் க்ரீம், எடை மெஷின், உடை எதுவும் வேண்டாம். தொட்டியில் ஒரு செடி, நல்ல டைரி, பித்தளை டபரா டம்ளர் என்றால் யாருக்கும் பிடிக்கும்.

படி 3: உள்ளே போனதும்

மேனேஜரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள். ஆபீஸில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பழக்கமாக இருக்கலாம். கூட வந்திருக்கும் அவருடைய அம்மாவிடமோ அப்பாவிடமோ "வாங்கம்மா, வாங்க சார்" என்றுதான் பேச வேண்டும். உங்கள் டீமோடு மட்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஏப்ரல் அப்ரைசல், சம்பளம், அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிய புகார் எதையும் எடுக்காதீர்கள். மார்கழிக் கச்சேரி, சபா கேன்டீன், ஊருக்குப் போகும் பொங்கல் டிக்கெட் என்று சென்னையில் பேச விஷயமா இல்லை?

பிரியாணியைக் கையால் சாப்பிடும்போது பெரிய அதிகாரி யாராவது வந்து கை நீட்டினால் பதற வேண்டாம். இடது கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்து, "சாப்பிட்டுட்டு இருக்கேன் சார்" என்றால் போதும், புரிந்துகொள்வார். பஃபேயில் முதல் சுற்றிலேயே தட்டைக் குவிக்காமல், கொஞ்சமாக வைத்துக்கொண்டு அப்புறம் மறுபடி போங்கள்.

படி 4: குடிக்கிறவர்களும் குடிக்காதவர்களும்

எல்லா பார்ட்டியிலும் மது இருக்காது. இருந்தால், குடிக்காதவர்கள் காரணம் சொல்ல வேண்டியதே இல்லை. "வேண்டாம், தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு ஒரு லைம் சோடாவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் கிளாஸ் இருந்தால் பெரும்பாலும் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

இதில் மற்றவர்களுக்குத்தான் பொறுப்பு அதிகம். டிசம்பர், சபரிமலை சீசன். டீமில் யாராவது மாலை போட்டிருப்பார். மதுவும் அசைவமும் தொட மாட்டார். "சாமி, சைவம் அந்தப் பக்கம் இருக்கு" என்று காட்டிவிட்டால் அவருக்கு எவ்வளவு நிம்மதி! மருந்து சாப்பிடுகிறவர், கர்ப்பமாக இருப்பதை இன்னும் சொல்லாதவர், குடியை விட்டுக்கொண்டிருப்பவர் என்று இன்னும் பலர் அங்கே இருக்கலாம். "ஒரு ரவுண்டுதானே மச்சான்" என்று நச்சரிப்பது இவர்கள் எல்லோருக்கும் வேதனை. ஒரு முறை கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், பார்ட்டி நாகரிகத்தில் முக்கால்வாசி இதுதான்.

குடிப்பவர்கள் முதலில் சாப்பிட்டுவிட்டு, ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வண்டி ஓட்டினால், முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

படி 5: ஆட்டமும் போட்டோவும்

ஆட வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் முன் அதில் இருப்பவர்களிடம் கேளுங்கள்.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம், வேலை நிமித்தம் போகும் இடத்தையும், கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியையும் பணியிடமாகவே பார்க்கிறது. ஆபீஸ் பார்ட்டியில் ஒருவர் அத்துமீறினால், "அது பார்ட்டியில நடந்தது" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பாதிக்கப்பட்ட பெண் கம்பெனியின் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த ஆபீஸிலும் இந்தக் குழு இருந்தாக வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: கிளம்பும்போது

ஏற்பாடு செய்தவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கேப்புக்காகத் தனியாக நிற்கும் சக ஊழியர் இருந்தால், அவர் வண்டி வரும் வரை கூட நில்லுங்கள். பரிமாறியவர்களுக்கும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணாவுக்கும் ஒரு நன்றி. மறுநாள் வேலைக்கு நேரத்துக்கு வந்து, பார்ட்டியை நடத்திய அட்மின், எச்.ஆர் ஆட்களுக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள். கேப் லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி ஆள் வீடு சேரும் வரை விழித்திருந்தவர்கள் அவர்கள்.