ரணதம்போரில் தேனிலவு: பெயர்ப் பதிவிலிருந்து கோட்டைப் படி வரை

தேனிலவு என்றதும் எல்லோரும் மலைவாசத்தலம் சொன்னார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் காடும் வேண்டும், பழைய கோட்டையும் வேண்டும். அதனால் ராஜஸ்தானின் ரணதம்போருக்குப் போனோம். முதல்முறை போகிறவர்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஜெய்ப்பூர் வரை விமானம், அங்கிருந்து சவாய் மாதோப்பூருக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மற்ற பயண ஏற்பாடெல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. மாதம்

காட்டின் முக்கியப் பகுதிகள் ஜூலை முதல் செப்டம்பர் வரை மூடியிருக்கும். ஆடியில் புதுப்பெண் எப்படியும் அம்மா வீட்டில்தான், அதனால் நமக்கு நஷ்டமில்லை. ஆவணி முகூர்த்தக்காரர்கள் அக்டோபரில் காடு திறந்ததும் போகலாம். மழை முடிந்து எல்லாம் பச்சையாக இருக்கும். எங்களைப் போலத் தையில் கல்யாணம் என்றால் கம்பளிச் சட்டை, காது மூடும் குல்லா இரண்டும் கட்டாயம். திறந்த வண்டியில் விடியற்காலைக் காற்று எலும்பு வரை போகிறது. புலியைப் பார்ப்பதுதான் குறி என்றால் ஏப்ரல், மே நல்லது. தண்ணீர் வற்றி விலங்குகள் குளத்தைத் தேடி வரும். ஆனால் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

2. ஜோனும் வண்டியும்

சஃபாரிக்காகக் காட்டை மொத்தம் 10 ஜோன்களாக, அதாவது பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இடிபாடுகளும் குளங்களும் பிடிக்கும் என்றால் மூன்றாம் ஜோனைக் கேளுங்கள். பதம் தலாவ், ராஜ்பாக் என்ற இரண்டு குளங்களும் அங்கேதான். வண்டி இரண்டு வகை: ஆறு பேர் உட்காரும் ஜிப்சி, இருபது பேர் உட்காரும் கேன்டர். காசு கொஞ்சம் கூடினாலும் ஜிப்சிதான் என் சிபாரிசு. இருபது பேர் பேசும்போது காட்டின் சத்தம் காதில் விழாது.

3. பெயர் (இங்கேதான் நாங்கள் மாட்டினோம்)

பதிவு செய்யும்போது ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே பதிவு செய்த என் கணவர், ஆசையாக என் பெயருக்குப் பின்னால் தன் பெயரைப் போட்டுவிட்டார். என் ஆதாரிலோ அப்பாவின் இனிஷியல். அவர் கொடுத்திருந்த எண்ணும் என் பாஸ்போர்ட் எண். அந்தப் பாஸ்போர்ட் மதுரையில் அம்மா வீட்டு பீரோவில் இருந்தது. விடியற்காலை இருட்டில், கை விறைக்க நின்றுகொண்டு, போனில் இருந்த படத்தைக் காட்டினோம். அசல் அட்டை வேண்டும் என்றார்கள். முதல் சஃபாரி போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால் சொல்கிறேன்: கல்யாணத்துக்குப் பிறகு என்ன பெயர் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பது இப்போது வேண்டாம். இன்று கையில் இருக்கிற அட்டையில் என்ன பெயர், இனிஷியல் இருக்கிறதோ, அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். எந்த அட்டையின் எண்ணைக் கொடுத்தீர்களோ அதே அட்டையின் அசலைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தாளையும் அட்டையையும் முதல் நாள் ராத்திரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

4. கோட்டை

தவறிப்போன சஃபாரிக்குப் பதில் அன்று காலை கோட்டைக்குப் போனோம். இதற்குச் சஃபாரிச் சீட்டு தேவையில்லை. அடிவாரம் வரை வாடகை ஜீப், அப்புறம் படிகள். நவலகா, ஹாத்தி, கணேஷ், அந்தேரி என்று வளைந்து வளைந்து வாசல்கள் வருகின்றன. ஹமீர் தேவ் சௌஹானிடமிருந்து அலாவுதீன் கில்ஜி 1301-ல் பிடித்த கோட்டை இது. 2013-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. முப்பத்திரண்டு தூண் மண்டபத்தில் அவசரப்படாமல் உட்காருங்கள். தூணில் சாய்ந்தால் கல்லின் குளிர்ச்சி முதுகில் ஏறுகிறது. கோட்டை மதிலிலிருந்து கீழே பார்த்தால் பதம் தலாவும் அதன் கரையில் ஜோகி மகாலும் தெரியும்.

மேலே மூன்று கண் கொண்ட திரிநேத்ர பிள்ளையார் இருக்கிறார். வட இந்தியாவில் பலர் கல்யாணப் பத்திரிகையை முதலில் இவருக்குத்தான் தபாலில் அனுப்புகிறார்கள். நாங்கள் மீதமிருந்த பத்திரிகை ஒன்றைக் கையோடு கொண்டுபோனோம். மஞ்சள் தடவிய அந்தத் தமிழ்ப் பத்திரிகையை அர்ச்சகர் வாங்கி, குவிந்து கிடந்த மற்றப் பத்திரிகைகளோடு பிள்ளையார் முன்னால் வைத்தார். நீங்களும் ஒன்றை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பிரசாதத்தைப் பைக்குள் வையுங்கள், மந்திகள் பறித்துவிடும். இருட்டும் முன் இறங்கிவிடுங்கள். சுற்றிலும் புலிக்காடு.

5. வண்டிக்குள்

கொலுசைக் கழற்றி வையுங்கள். சென்ட் வேண்டாம். பட்டும் பளபளப்பும் வேண்டாம், மங்கலான பருத்தி போதும். ஓட்டுநர் என்ஜினை அணைத்தால் பேச்சையும் நிறுத்துங்கள். அவர் கடமானின் எச்சரிக்கைக் குரலுக்குக் காது கொடுக்கிறார். எங்கள் ஜிப்சியின் கம்பியில் வால்காக்கை ஒன்று வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து என் வளையல்களையே பார்த்தது. அதற்குத் தீனி போடாதீர்கள்.

பின்னர் சேர்த்தது: புதன்கிழமை போன ஒரு வாசகி, படியெல்லாம் ஒரே கூட்டம் என்று எழுதியிருந்தார். புதன் பிள்ளையாருக்கு உகந்த நாள். கோட்டையை அமைதியாகப் பார்க்க வேறு நாளில் போங்கள். விநாயகர் சதுர்த்தியை ஒட்டிப் பெரிய திருவிழாவே நடக்கும்.

ஒரு சஃபாரி போதுமா என்று பலர் கேட்டீர்கள். போதாது. குறைந்தது மூன்று போடுங்கள், நடுவில் ஒரு நாளைக் கோட்டைக்கு விடுங்கள். எங்களுக்குக் கடைசி சஃபாரியில்தான் புலி தெரிந்தது. ராஜ்பாக் பக்கம் பாதையைக் கடந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் தோக் மரங்களுக்குள் போய்விட்டது. அது போன பிறகும் வெகுநேரம் வண்டியில் யாரும் வாய் திறக்கவில்லை.