கானாவில் கொள்ளைக்காரனை விட கொசுவுக்குப் பயப்படுங்கள்

கானாவில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்பது கொள்ளை, கடத்தல் பற்றித்தான். தலைநகர் அக்ராவில் திருட்டு இல்லாமல் இல்லை. சர்க்கிள் சந்திப்பிலோ மகோலா சந்தையிலோ போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தால் பறிபோகும், இருட்டிய பிறகு தனியாகக் கடற்கரைப் பக்கம் போவதும் வேண்டாம். ஆனால் நம் ஆட்கள் அங்கே மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வேறு விஷயங்களில்.

முதலில் மலேரியா. "சென்னைக் கொசுவையே பார்த்தாச்சு, இது என்ன பெரிசா" என்கிற நினைப்பை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அங்கே அதிகம் பரவுவது ஃபால்சிபாரம் வகை, வருடம் முழுக்க உண்டு, கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளிலேயே மூளை, சிறுநீரகம் வரை போய்விடும். தடுப்பு மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக் கிளம்புவதற்கு முன்பே தொடங்க வேண்டும், திரும்பிய பிறகும் நிறுத்தக் கூடாது: அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் இன்னும் 7 நாள், டாக்சிசைக்கிளின் என்றால் 28 நாள். பலர் ஊர் வந்த அன்றே டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வருடக்கணக்கில் தங்குகிறவர்கள் மாத்திரையை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாது, மருந்தூட்டிய கொசுவலையும் வேண்டும். காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்காமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஊர் திரும்பி ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து வந்தாலும் சரி, ஆப்பிரிக்கா போய் வந்ததை டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவர் டெங்கு, டைபாய்டு என்றுதான் தேடிக்கொண்டிருப்பார்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். ஊசி இல்லாமல் அட்டை மட்டும் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். அந்த அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் உட்கார வைப்பார்கள்.

சாலை விஷயம் யாருக்கும் தோன்றுவதே இல்லை. கானாவும் நம்மைப் போல இடதுபக்கம் ஓட்டிய நாடுதான், 1974 ஆகஸ்டில் வலதுபக்கம் மாறிவிட்டது. சாலையைக் கடக்கும்போது நம் தலை பழக்கத்தில் வலதுபக்கம் திரும்பும், வண்டியோ இடதுபக்கமிருந்து வரும். ஒகாடா என்கிற பைக் டாக்சி நெரிசலில் சீக்கிரம் போகும், சரி, ஆனால் பின்னால் உட்காருகிறவருக்குப் பெரும்பாலும் ஹெல்மெட் இருக்காது. அக்ராவிலிருந்து குமாசிக்கு ராத்திரியில் கிளம்பவே கிளம்பாதீர்கள், நடுரோட்டில் விளக்கில்லாமல் பழுதாகி நிற்கும் லாரி பக்கத்தில் போகும்வரை கண்ணுக்குத் தெரியாது.

லபாடி, கொக்ரோபிட்டே கடற்கரைகளில் நீரோட்டம் உள்ளே இழுக்கும். மெரினா மாதிரி முழங்கால் வரைதானே என்று இறங்காதீர்கள். ராணுவ உடை மாதிரித் திட்டுத்திட்டாக நிறம் போட்ட (கேமஃப்ளாஜ்) துணி போட்டாலே அங்கே சட்டப்படி குற்றம், அந்த மாதிரி கார்கோ பேன்ட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமான நிலையம், ஜனாதிபதி மாளிகையான ஜூபிலி ஹவுஸ், ராணுவ முகாம் எதையும் படமெடுக்க வேண்டாம். வடக்கே பவ்க்கு பக்கம் தலைமைப் பட்டத்துக்கான சண்டை பல வருடமாக ஓடுகிறது, சுற்றிப் பார்க்கிற இடமில்லை.

கடைசியாகத் தங்கம். நம்மவர்கள் விழுவது இதில்தான். ஊரை விடச் சல்லிசாகத் தருகிறேன் என்பவர் உங்கள் கண் முன்னாலேயே உருக்கிக் காட்டுவார், சோதனை அறிக்கையும் நீட்டுவார், அப்புறம் ஏற்றுமதி வரி, காப்பீடு என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பார். 2025-ல் கோல்ட்போர்டு என்ற அரசு வாரியம் வந்த பிறகு உள்ளூர்ச் சந்தையில் வெளிநாட்டவர் தங்கம் வாங்கி விற்பதற்கே தடை, அதனால் ஏமாந்து போலீசுக்குப் போனாலும் முதல் கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள். மொமோ, அதாவது போன் வழியாகப் பணம் அனுப்பும் மொபைல் மணி மோசடி இதை விடச் சின்னது, ஆனால் தினமும் நடப்பது: "தவறி உங்களுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று போன் வரும், பணம் வந்ததாக எஸ்எம்எஸ்ஸும் இருக்கும். எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் கணக்கில் இருப்பைப் பாருங்கள், பின் நம்பரை யாருக்கும் சொல்லாதீர்கள், அவர் எவ்வளவு அழுதாலும் நிறுவனத்திடமே புகார் செய்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.