புதிதாகக் கொழும்பு வந்த பிள்ளையும் முதல் தவணை ஸ்பானிய வகுப்பும்

தமிழ்நாட்டிலிருந்து வேலை மாறிக் கொழும்புக்கு வருகிறவர்கள் பிள்ளையைச் சர்வதேசப் பாடசாலையில் சேர்க்கும்போது, வெளிநாட்டு மொழி ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வதுண்டு. சில பாடசாலைகளில் அதில் ஸ்பானியமும் இருக்கும். விண்ணப்பத்தை நிரப்பும் முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: வகுப்பு அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறதா, ஏற்கெனவே இரண்டொரு வருடம் படித்தவர்களோடு போய் உட்கார வேண்டுமா? இடையில் சேர்ந்த பிள்ளை பின்தங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், திறமைக் குறைவல்ல.

வகுப்பில் விளக்கம் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் ஸ்பானியத்துக்குப் பல இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழே கிட்டிய வழி. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

‘மே குஸ்தா எல் மாங்கோ’ என்பதைப் பாருங்கள். ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’ என்ற அதே அமைப்பு. ‘மே’ என்பதுதான் ‘எனக்கு’. ஆங்கிலத்தில் யோசிக்கிற பிள்ளை ‘யோ குஸ்தோ’ என்று ‘நான்’ போட்டு எழுதிவிடும், பிழை. தமிழில் யோசித்தால் தானாகச் சரியாகும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பழம் பலவானால் ‘குஸ்தா’ ‘குஸ்தான்’ ஆகும். நம் ‘பிடிக்கும்’ அப்படி மாறாது.

வினைமுடிவும் அப்படியே. ஆப்லோ என்றால் பேசுகிறேன், ஆப்லாஸ் பேசுகிறாய், ஆப்லாமோஸ் பேசுகிறோம். நான், நீ என்று சொல்லாமலே யார் என்பது விளங்கும். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் உண்டு: தூ, உஸ்தேத். ஆனால் உஸ்தேதுக்கு ‘அவர்’ என்பதற்குரிய முடிவே வரும்: உஸ்தேத் ஆப்லா. ஆசிரியரிடம் எதைச் சொல்வது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் வகுப்பு வழக்கத்தைக் கேட்டு அதன்படி நடக்கட்டும்.

உச்சரிப்பில் நம் பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ‘அமிகோ’வில் வரும் க ‘அகம்’ என்பதில் வரும் மெல்லிய க. ‘நாதா’வில் வரும் த ‘அது’வில் வரும் த. தமிழைப் படிப்பதுபோல் படித்தாலே சரியான ஒலிக்கு மிக அருகில் வந்துவிடும். ‘நீஞோ’வின் ஞ நம் ஞ. பேச்சில் நாம் கலந்துவிட்ட ரகர றகரத்தை மட்டும் திரும்பப் பிரிக்க வேண்டும்: ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’, ‘பெறோ’ என்றால் நாய். றகரத்தில் நாக்கு நுனி பல தடவை அதிர வேண்டும்.

சறுக்குவது அழுத்தத்தில். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது, அங்கே மாற்றும். ஆப்லோ என்பதில் முதல் அசையை அழுத்தினால் பேசுகிறேன், கடைசி அசையை அழுத்தினால் அவர் பேசினார். உயிரிலோ ‘ன்’, ‘ஸ்’ ஒலியிலோ முடியும் சொல்லுக்கு ஈற்றயல் (கடைசிக்கு முந்திய) அசையில் அழுத்தம். மற்றவற்றுக்குக் கடைசி அசையில். இதற்கு மாறான சொல்லில் உயிரெழுத்தின் மேல் சாய்கோடு இடுவார்கள். அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டால் சொல்லே வேறாகிவிடும்.

உண்மையில் கடினமானது பால். நமக்கு மேசை அஃறிணை, அவ்வளவுதான். ஸ்பானியத்தில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஆகவே ‘மேசா’ என்று தனியே எழுதவே கூடாது, பாலைக் காட்டும் முன்சொல்லோடு ‘லா மேசா’; ‘லிப்ரோ’ அல்ல, ‘எல் லிப்ரோ’. ஆ ஒலியில் முடிந்தால் பெண், ஓ ஒலியில் முடிந்தால் ஆண் என்பது பெரும்பாலும் சரி. லா மானோ (கை), எல் தியா (நாள்) போன்றவற்றைத் தனியே மனனம் செய்ய வேண்டும். நிறத்தைச் சொல்லும் அடை பெயருக்குப் பின்னால் வந்து அதன் பாலையும் ஏற்கும்: காசா ரோஹா, சிவப்பு வீடு.

சொல்வளத்துக்குக் கொழும்பே உதவும். வெள்ளவத்தைக் கடையில் பாண் (பிரெட்), சப்பாத்து (ஷூ), துவாய் (துண்டு) என்று கேட்டு முதலில் திகைப்பீர்கள். இவை 1505இல் இலங்கைக்கு வந்து, 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். ஸ்பானியம் போர்த்துக்கேயத்தின் உடன்பிறப்பு. அங்கே இவை பான், சப்பாத்தோ, தோவாயா. அலுமாரி அர்மாரியோ. எல்லாச் சொல்லும் ஒத்துவராது: யன்னலுக்கு (ஜன்னல்) அங்கே பென்தானா.

ஒரு சீ.ஆர். கொப்பி (கெட்டி அட்டை நோட்டு) வாங்குங்கள். இடப்பக்கம் எல், லா சேர்த்த சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். நாளுக்குப் பத்துச் சொல், இருபது நிமிடம். இடப்பக்கத்தை மூடி, தமிழைப் பார்த்து எழுதிச் சரிபார்க்க வேண்டும். வெறுமனே வாசித்துவிட்டுப் போனால் மறுவாரச் சொற்சோதனையில் கை நின்றுவிடும். மொழிபெயர்ப்புச் செயலியில் வீட்டுவேலை செய்தால் ஆசிரியருக்கு உடனே தெரியும், வகுப்பில் இன்னும் வராத வினைக் காலங்கள் அதில் வந்திருக்கும்.

கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ என்ற சர்வதேசப் பொதுத் தேர்வில் ஸ்பானியம் எழுதப்போகிற பிள்ளைக்குக் கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் நான்குக்கும் தலா 25 சதவீதம் புள்ளி. பேச்சுத் தேர்வு ஏறக்குறைய 10 நிமிடம்: ஒரு பாத்திர உரையாடல், பிறகு இரண்டு தலைப்புகளில் பேச்சு. கூச்சப்படும் பிள்ளை இங்கேதான் புள்ளி இழக்கும். அதனால் முதல் தவணையிலிருந்தே இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து வாக்கியத்தை உங்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லட்டும். உங்களுக்கு ஸ்பானியம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. றகரம் அதிர்கிறதா என்பது உங்கள் காதுக்குத் தெரியும்.