அம்பாசடரின் பின்பக்கம் தாழ்ந்தால்: பட்டைகளைச் சோதித்து மாற்றும் முறை

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து உருவாகி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரின் பின் அச்சை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள் (வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு) தாங்குகின்றன. வண்டி பின்னால் ஒருபுறம் சாய்ந்திருக்கிறது என்பதற்காக உடனே புதிய பட்டை வாங்கிவிடக் கூடாது. முன்பக்கத்தில் ஸ்பிரிங்காக முறுக்கி இயங்கும் கம்பிகளான டார்ஷன் பார்களில் ஒன்று தளர்ந்திருந்தாலும் பின்பக்கம் சாய்வாகவே தெரியும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டிக்கியைக் காலி செய்து, டயர்களில் காற்றைச் சமமாக்கிய பின், பின்சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் கிராஸ் மெம்பரின் (வண்டியின் குறுக்கே செல்லும் உத்திரம்) நடுவில் ஜாக்கி கொடுத்து, முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும் அளவுக்கு மட்டும் தூக்கி மீண்டும் அளக்க வேண்டும். சாய்வு மறைந்தால் கோளாறு முன்பக்கத்தில். அப்படியே இருந்தால் பின்பட்டையில். இரு பட்டைகளும் ஒரே அளவில் தளர்ந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. அப்போது அச்சு அடித்து அடித்துப் பளபளப்பான பம்ப் ரப்பர் (அச்சு உடலில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) காட்டிக்கொடுக்கும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, பட்டை அடுக்கை நடுவில் இணைக்கும் சென்டர் போல்ட்டை ஒட்டிய பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். முறிவுகள் பெரும்பாலும் அங்கேதான் மயிரிழைபோல் தொடங்குகின்றன.

பழைய அடுக்கில் கூடுதல் பட்டை ஒன்றைச் செருகிச் சமாளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உயரம் திரும்பினாலும் சவாரி முரடாகிவிடும். இருபக்க ஸ்பிரிங்குகளையும் ஜோடியாக மாற்றுவதே சரி.

முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, உடலின் உறுதியான இடத்தில் ஸ்டாண்டு நிறுத்தி, அச்சைத் தனியாக ஜாக்கியில் தாங்குங்கள். பிரேக் ஹோஸ் இழுபடாமல் கவனித்து, பட்டையில் இறுக்கம் இல்லாத அளவுக்கு அச்சை இறக்கிய பின், ஷாக் அப்சார்பர் இணைப்பு, பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள், பட்டையின் பின்முனையைத் தாங்கி ஆடும் இணைப்பான ஷேக்கிள், பட்டையின் முன்முனை வளையத்தில் செல்லும் முன்கண் போல்ட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். புதிய பட்டையைப் பொருத்தும்போது சென்டர் போல்ட்டின் தலை அச்சின் இருக்கைத் துளையில் சரியாக உட்கார்ந்திருப்பது மிக முக்கியம். இல்லையேல் அச்சு கோணலாகிவிடும். யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போட்டு, குறுக்குக் குறுக்காகச் சமமாக இறுக்குங்கள்.

ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட்டையும் ஷேக்கிளையும் மட்டும் அப்போது முழுதாக இறுக்கக் கூடாது. வண்டியை இறக்கி, எடை முழுவதும் சக்கரங்களில் விழுந்த பிறகே இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடி, பட்டைகள் படிந்த பின், யூ போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.